பிறையும் மூன்று புள்ளியும்

தனேசு தன் கையால் காப்பி கலக்கிக்கொண்டு வருகிறான். சீனி போடவில்லை. பன்னிரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்குச் சீனி ஆகாது என்பது இவனுக்குத் தெரியும் என்பதே இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது. என்ன வேண்டும் இவனுக்கு?

நவமணி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டு, "துளசி எங்கடா?" என்று மட்டும் கேட்டாள்.

"வருவா லா. நீ மொதல்ல குடிக்கா."

தம்பி தனேஸ்வரன் எதிரில் உட்காரவில்லை. நின்றுகொண்டே அவள் குடிப்பதைப் பார்த்தான். பள்ளிப்பிள்ளைகளை ஏற்றும் மூன்று வேன்களுக்குச் சொந்தக்காரன் அவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணிக்கு முன்னால் எழமாட்டான். இன்று எட்டு மணிக்கே குளித்துத் திருநீறு பூசியிருந்தான். சாப்பாட்டு மேசையின் மேல் பழுப்புத்தாள் சுற்றிய தட்டையான பொட்டலம் ஒன்று இருந்தது.

அவன் மனைவி துளசி சமையலறையிலிருந்து கத்தியோடு வந்தாள். "அண்ணி, உங்க தம்பி ராஜாவாயிட்டாரு. இனிமே கோலா கங்சார்ல, சுல்தானுக்குப் பக்கத்துல, அரண்மனை கட்ட எடம் பாக்கணும்."

"நீ வாய மூடிட்டு வெட்டு லா."

தாளைப் பிரித்ததும் கண்ணாடி போட்ட சட்டம் ஒன்று வெளியே வந்தது. உள்ளே ஒரு கேடயம். அதன் தலைமேல் இரும்புத் தொப்பி. இரண்டு பக்கமும் இரண்டு புலிகள் பின்கால்களில் நின்று கேடயத்தைத் தாங்கிக்கொண்டிருந்தன. அடியில் சுருண்ட நாடாவில் ஆங்கிலத்தில் 'பத்துமலை' என்று அப்பாவின் பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 1931.

"குடும்பச் சின்னம்," என்றான் தனேஸ்வரன். "வெள்ளக்காரன் ஊருல பரம்பரைக் குடும்பங்களுக்கெல்லாம் இருக்கு. இன்டர்நெட்ல ஒரு கம்பெனி செஞ்சு கொடுக்குறான். கோகிலன் பொறந்தநாளுக்குன்னு ஆர்டர் பண்ணேன்."

கோகிலன் அவன் மகன். மெல்போர்னில் படிக்கிறான்.

"மொதல்ல அனுப்புன படத்துல பத்து மலை போட்டிருந்தான் அண்ணி," என்றாள் துளசி. "வரிசையா, எண்ணி. இவரு உக்காந்து, அது எங்க மாமனார் பேரு, கோலாலம்பூர்ல முருகன் இருக்கற எடம்னு எழுதிப் போட்டாரு. அதுக்கப்புறம்தான் எடுத்தான்."

நவமணி சிரித்தாள். தம்பி சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க. கோகிலன் போன வருஷம் ஃபாரம் நெரப்பறப்போ குடும்பப் பேரு என்னன்னு கேட்டானுங்களாம். இவன் என் பேரப் போட்டுட்டான். இப்போ அங்க எல்லாரும் அவனத்தான் மிஸ்டர் தனேஸ்வரன்னு கூப்புடுறாங்க. நம்ம ஆளுங்களுக்குப் பேரு ஒரு தலமொற லா அக்கா. அப்பா பேரு எங்கிட்ட நின்னுச்சு. என் பேரு அவன்கிட்ட நிக்கும். தாத்தா பேரு யாருக்கும் தெரியாது. எங்கருந்து வந்தோம்னு கேட்டா காட்ட ஒண்ணு வேணாமா?"

அதில் நியாயம் இருந்தது. நியாயம் இருப்பதுதான் அவளை உறுத்தியது. தம்பி பொய் சொல்லும்போது பாதியை உண்மையாகவே சொல்வான், சின்ன வயதிலிருந்தே.

அவள் சட்டத்தைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். கேடயத்தை நான்காகப் பிரித்திருந்தார்கள். முதல் கட்டத்தில் ஒரு ரப்பர் மரம். மரத்தின் பட்டையில் வெட்டு வலது மேலிருந்து இடது கீழாக இறங்கியது. படம் போட்டவன் ரப்பர் மரத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். வெட்டு இடது மேலிருந்து வலது கீழாகத்தான் இறங்கும். அம்மா அப்படித்தான் முப்பது வருஷம் வெட்டினாள். தம்பிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவன் கவனிக்கவில்லை. இரண்டாவது கட்டத்தில் பால்வெட்டுக் கத்தி. மூன்றாவதில் கோபுரம்.

"இந்தக் கேடயம் ஆம்பளைங்களுக்குத்தானாம் அக்கா," என்றான் அவன். "பொம்பளைங்க சண்டைக்குப் போகமாட்டாங்கல்ல, அதனால அவங்களுக்கு டைமண்ட் மாதிரி ஒரு கட்டம் இருக்காம். உனக்குத் தனியா ஒண்ணு போட்டுத் தரச் சொல்றேன்."

"கத்தியும் அதுக்குள்ள வருமா?"

"எந்தக் கத்தி?"

"பால்வெட்டுக் கத்தி. அதப் புடிச்சது அம்மாதானே. அப்பா ஒரு நாளும் புடிக்கலையே."

அப்பா பத்துமலை, ஆலமரத் தோட்டத்தில் மண்டோர். கையில் ஒரு குச்சியோடு மரங்களுக்கு நடுவே நடந்து, மற்றவர்கள் வெட்டுவதைப் பார்ப்பது அவர் வேலை. தம்பி கைப்பேசியை எடுத்து, பார்த்து, கவிழ்த்து வைத்தான்.

அப்போதுதான் அவள் நான்காவது கட்டத்தைப் பார்த்தாள். நீல நிறத்தின் மேல் பொன் நிறத்தில் ஒரு பிறை. பிறையின் வயிற்றில் மூன்று புள்ளிகள்.

காப்பி வாயில் கசந்தது.

"இது என்னடா?"

"அதுதான் நம்ம குறி. அப்பா காலத்துக் குறி. உன் கட்டிலுக்குக் கீழ இருக்கே அம்மாவோட பால் வாளி, அதுல பாக்கல?"

என் கட்டிலுக்குக் கீழே இவன் எப்போது குனிந்தான்?

*

தோட்டத்தில் பால் வெட்டியவர்களில் பாதிப்பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஸ்டோரில் பால் நிறுக்கும்போது வாளிகள் மாறிப்போகாமல் இருக்க ஆளுக்கொரு குறியை ஆணியால் குத்திக்கொள்வார்கள். ஒருவருக்குச் சூலம், ஒருவருக்கு மீன், ஒருவருக்கு வெறும் இரண்டு கோடு. கணக்கெழுதும் கிராணி முகத்தைப் பார்க்கமாட்டார், குறியைப் பார்த்து எழுதுவார். ஆலமரத் தோட்டத்தில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. முதலில் ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, பிறகு ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கியது. மாரியம்மன் கோயிலுக்கு மட்டும் வேறு இடம் ஒதுக்கியிருந்தார்கள். புதுக் கோயிலின் நிர்வாகத்தில், கோயிலை ஆரம்பித்த குடும்பத்துக்கு நிரந்தரமாக ஓர் இடம், கல்வெட்டில் பெயர், திருவிழாவில் முதல் பரிவட்டம் என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. தனேஸ்வரன்தான் கமிட்டியின் செயலாளர்.

ஆரம்பித்தது யார் என்பதற்கு எழுத்து ஏதும் இல்லை. சூலமும் தகரக் கூரையுமாக இருந்த இடத்துக்கு முதலில் வந்த பொருள் வெண்கல மணி. மணி கொடுத்தவர்களே ஆரம்பித்தவர்கள் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மணியில் பெயர் இல்லை. ஆணியால் குத்திய ஒரு பிறை, அதன் வயிற்றில் மூன்று புள்ளி.

"அடுத்த ஞாயிறு மீட்டிங்," என்றான் தனேஸ்வரன். "வாளிய வெப்போம், சின்னத்த வெப்போம். ஒரு சத்தியக் கடுதாசி வேணும். அப்பாவுக்கு மூத்த பிள்ள நீதான். 'எங்க தாத்தா காலத்திலேருந்து இது எங்க குடும்பக் குறி, மணி கொடுத்தது நாங்க'ன்னு நீ ஒரு கையெழுத்து போட்டா போதும். செவ்வாக்கெழம டவுனுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

காப்பி இதற்குத்தான்.

துளசி சட்டத்தோடு வந்த தாளை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தாள். "பொன் நெறம் தாராள மனசு. நீலம் விசுவாசம். புலின்னா வீரம். இங்க பாருங்க, பின்னால என்னமோ போட்டிருக்கான். ஒரே பேரு இருக்குங்கறதுக்காக ஒரு சின்னம் யாருக்கும் சொந்தமாயிடாதாம். மொதல்ல யாருக்குக் கொடுத்தாங்களோ அவங்களுக்கும் அவங்க வாரிசுக்கும்தானாம். அப்போ நம்மகிட்ட எப்படி வித்தான்?"

"அது வெள்ளக்காரன் சட்டம் லா," என்று அவன் தாளை வாங்கி மடித்தான். மடிப்பதற்குள் நவமணி மேல் ஓரத்திலிருந்த தேதியைப் பார்த்துவிட்டாள். ஆர்டர் கொடுத்தது போன மாதம் பதினெட்டாம் தேதி. மணியைப் பற்றிக் கமிட்டி முடிவெடுத்தது பதினைந்தாம் தேதி. அன்றைக்குச் சாயங்காலம் அவன் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தது அவளுக்கு நினைவிருந்தது. கோகிலன் பிறந்தநாளுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

அறைக்குப் போய்க் கட்டிலுக்கடியில் பார்த்தாள். வாளி இல்லை. பின்கட்டில் துணி துவைக்கும் தொட்டி அருகே இருந்தது. யாரோ புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள். துருவெல்லாம் போய்ப் பிறையும் புள்ளிகளும் நேற்றுக் குத்தியதுபோல் தெரிந்தன. அதை நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

அம்மா அதை ஒரு நாளும் நிமிர்த்தி வைத்ததில்லை.

வேலை முடிந்து வந்ததும், குடியிருந்த லயத்துக்குப் பின்னால் வாளியைக் கவிழ்த்துவிடுவாள். பாலைத் தவிர வேறெதற்கும் அதை எடுக்கமாட்டாள். ஆறேழு வயதில் நவமணி ஒருநாள் அதில் தண்ணீர் மொண்டு வந்தபோது, அம்மா கருப்பம்மாள் அடிக்கவில்லை. தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, வாளியைக் கவிழ்த்துவிட்டு, "அது ராக்காயி வாளி," என்றாள். அவ்வளவுதான். ராக்காயி யார் என்று நவமணி கேட்டபோது அம்மாவுக்குக் காது கேட்கவில்லை.

பிறகு துண்டு துண்டாகத் தெரிந்தது. லயத்துக்குப் பக்கத்தில், சமதரையில் இருந்த நல்ல மர நிரை முதலில் ராக்காயிக்கு இருந்தது. ஒருநாள் காலை பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது, இனி அவள் மேட்டு நிரைக்குப் போகவேண்டும் என்று சொன்னார்கள். பாலில் தண்ணீர் கலந்தாள் என்று புகார். அந்த நிரை மண்டோர் பெண்சாதி கருப்பம்மாளுக்குக் கிடைத்தது. நிரையோடு வாளிகளும் வந்தன. கிராணி புத்தகத்தில் குறியை மாற்றவேண்டிய வேலை இல்லை அல்லவா.

புகார் சொன்னது யார்? அந்தக் கேள்வி ஐம்பது வருஷமாக நவமணிக்குள் கவிழ்ந்தே கிடந்தது. அதை நிமிர்த்திப் பார்க்க அவள் விரும்பியதில்லை. அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போயிருக்கிறார். முதல் சம்பளத்தை அவரிடம் கொடுத்தபோது அழுதிருக்கிறார்.

தம்பியின் மேல் சந்தேகப்படுவது சுலபம். அப்படியே கொஞ்சம் தன் மேலும் பட்டுக்கொண்டாள். கேடயம் ஆம்பளைக்கு என்று அவன் சொன்னது சுட்டதால்தான் இவ்வளவு துருவுகிறேனா? எனக்கும் ஒரு புலி போட்டிருந்தால் காப்பியைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேனா?

*

திங்கட்கிழமை கிளினிக் போவதாகச் சொல்லிவிட்டு, பேருந்தில் ஈப்போவின் மேடான் கிட் நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து புந்தோங் போனாள். ராக்காயியின் மகள் நல்லம்மாள் அங்கே முறுக்கு, கடலை வறுத்து விற்கிறாள் என்று தெரியும். தெரிந்தும் ஒரு நாளும் அந்தத் தெருப்பக்கம் போனதில்லை.

வீட்டின் பக்கவாட்டில் தகரக் கொட்டகை. பெரிய சட்டியில் எண்ணெய். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் நீளமான கம்பியால் முறுக்குகளைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கன்னம் முழுக்க அம்மைத் தழும்பு.

"நல்லம்மா அக்கா? நான் நவமணி. ஆலமரத் தோட்டம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பத்துமல மண்டோர் மகளா? வா. இந்த மாசம் உங்க குடும்பமே நம்ம வீட்டுக்குத்தான் வருது."

"யாருக்கா வந்தா?"

"உன் தம்பி. ரெண்டு கிலோ முறுக்கு வாங்கினான், வேன் புள்ளைங்களுக்காம். வாங்கிட்டுப் போகமாட்டேங்கறான், நிக்கறான். அத விசாரிக்கறான், இத விசாரிக்கறான். கடைசில, பழைய பால் வாளி ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா, மியூசியத்துக்குக் கேக்குறாங்கன்னான்."

வீட்டுக்கு முறுக்கு எதுவும் வரவில்லை.

"என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? எங்கம்மா வாளி ரெண்டயும்தான் ஸ்டோர்ல புடுங்கிட்டாங்களே. இருந்தா நான் மாவு பெசஞ்சிருப்பேன்டான்னேன். ரொம்பச் சந்தோசமாப் போனான். ஒண்ணும் இல்லன்னு கேட்டுட்டு இவ்வளவு சந்தோசமாப் போற ஆள நான் பாத்ததில்ல." கம்பியைச் சட்டியின் விளிம்பில் தட்டினாள். "நீ எதுக்கு வந்த? எதயாச்சும் விட்டுட்டான்னு தேடிட்டு வர அனுப்பினானா?"

"அவனுக்குத் தெரியாது."

"மண்டோர் மக சொன்னா நான் நம்பணும்?"

"நம்ப வேணாங்கா. ஒண்ணு மட்டும் கேக்கறேன். கோயில் மணிய யாரு கொடுத்தா?"

நல்லம்மாள் கையைத் துணியில் துடைத்தாள். பிறகு அதே கையால் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இதுதான் ரசீது. எனக்கு அஞ்சு வயசு. அம்மை போட்டுக் கண்ணு தெரியல. பொழச்சா மணி வாங்கிக் கட்டறேன்னு எங்கம்மா வேண்டிக்கிச்சு. மணி ஈப்போலேருந்து தோட்டத்து லோரியில வந்துச்சு. பேரு எழுதணும்னு பூசாரி சொன்னாராம். அதுக்கு எழுதத் தெரியுமா? லயத்து வாசல்ல உக்காந்து, ஆணிய வெச்சுக் கல்லால அடிச்சு, வாளியில இருக்கறதயே மணியில குத்துச்சு. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். சத்தம் இன்னும் காதுல இருக்கு."

"மூணு புள்ளி…"

"நாங்க மூணு பேரு. அண்ணன், நான், தம்பி."

நீல நிறத்துக்கும் பொன் நிறத்துக்கும் அந்தத் தாளில் அர்த்தம் போட்டிருந்தார்கள். புள்ளிகளுக்கு ஒன்றும் போடவில்லை என்று நவமணி நினைத்தாள்.

"கமிட்டியில சொல்லலையா அக்கா?"

"எங்கள யாரு கூப்ட்டா? அந்த மேட்டு நெரையில எங்கம்மா ரெண்டு வருசம் தாங்கல. முட்டி போச்சு. தோட்டத்த விட்டு வந்துட்டோம். கூப்ட்டாலும் எதக் காட்டறது, மூஞ்சியவா?" சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி நவமணியை நேராகப் பார்த்தாள். "பால்ல தண்ணி கலந்தான்னு போய்ச் சொன்னது யாருன்னு எங்கம்மாவுக்குத் தெரியும். சாகற வரைக்கும் பேரச் சொல்லல. ஏன்னு கேட்டா, அவன் புள்ளைங்க சின்னப் புள்ளைங்கம்மான்னு சொல்லும்."

நவமணி, யார் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே பதில் என்பதை நல்லம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பரிவட்டம், கமிட்டியில எடம்… உங்களுக்கு வேணுமா அக்கா?"

"வேணும்னா நீ குடுப்பியா?" ஒரு முறுக்கை எடுத்து உடைத்துப் பதம் பார்த்தாள். "துணிய யாரு தலையில கட்டினா எனக்கென்ன. அந்த மணிக்குக் கீழ வேற பேரு எழுதி, நானே போய்க் கும்பிட்டு நிக்கணும்னா, அதுதான்…" முறுக்குத் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். "உனக்குச் சீனி வியாதியா? மூஞ்சியப் பாத்தாத் தெரியுது. கடல கொண்டு போ."

பொட்டலத்தைக் கையில் திணித்தாள்.

*

செவ்வாய்க்கிழமை மழை தூறியது. வேனின் கதவில் கேடயமும் புலிகளும் ஒட்டியாகிவிட்டது. பின்சீட்டில் வாளி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதற்குள் சட்டத்தைச் செருகியிருந்தான். இரண்டு புலிகளும் வாளிக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

கிந்தா ஆற்றுப் பாலம் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"தனேசு, நல்லம்மா அக்கா வீட்டு முறுக்கு நல்லா இருந்துச்சா?"

வைப்பர் இரண்டு தடவை போய் வந்தது.

"யாரு சொன்னா?"

"கேட்டேன், நல்லா இருந்துச்சான்னு."

"சும்மா பாக்கப் போனேன் லா. பழைய தோட்டத்து ஆளுங்க." சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினான். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அக்கா, அம்மா முப்பது வருசம் அந்த வாளிய சுமந்துச்சு. தோளு காய்ச்சுப் போச்சு. நீ எண்ண தேச்சு விட்டிருக்க. கிராணி புத்தகத்துல முப்பது வருசம் அந்தக் குறிக்கு நேரா நம்ம அம்மா கணக்குதான் இருக்கு. அது பொய்யா?"

பொய் இல்லை. அதுதான் அவளை நேற்றிரவு முழுக்கப் புரள வைத்தது. ஒரு குறி யாருக்குச் சொந்தம்? குத்தினவளுக்கா, சுமந்தவளுக்கா? அம்மாவின் தோள் கண்முன் வந்தது. அம்மாவுக்கு ஒரு கல்வெட்டு கிடைத்தால் என்ன? ஆனால் அவன் எழுதப்போவது அம்மாவின் பெயரையும் அல்ல.

"முப்பது வருசம் சுமந்தவ ஏன்டா அதக் கவுத்தியே வெச்சிருந்தா?"

"எனக்கென்ன தெரியும்." பச்சை விழுந்தது. அவன் உடனே வண்டியை எடுக்கவில்லை. பின்னாலிருந்த கார் ஹாரன் அடித்தது. "அப்பா செஞ்சதுக்கு நான் என்னக்கா பண்ண முடியும்?"

நான் அப்பாவைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லையே, என்று நவமணி நினைத்தாள்.

அவனுக்குத் தெரியும். புந்தோங்கில் தெரிந்துகொள்ளவில்லை. முன்பே தெரியும். அவளைப் போலவே அவனும் அதைக் கவிழ்த்து வைத்திருக்கிறான். பிறகு ஒருநாள் அதை எடுத்து, புளி போட்டுத் தேய்த்து, பொன் நிறம் பூசிவிட்டான். அந்த ஒரு நிமிடம் அவளுக்குத் தம்பி மேல் கோபம் வரவில்லை. லயத்து வாசலில் மூக்கு ஒழுக நின்ற சின்னப் பையனின் முகம்தான் தெரிந்தது. அவன் புள்ளைங்க சின்னப் புள்ளைங்க என்று ராக்காயி சொன்னது இந்த முகத்தை நினைத்துத்தான்.

சத்தியக் கடுதாசிக்கு முத்திரை போடுகிறவரின் அலுவலகம் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. கண்ணாடி போட்ட வயதான மலாய்க்காரர். வாளியைப் பார்த்துவிட்டு, பிறகு அவர்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் நாற்காலியைக் காட்டினார். தனேஸ்வரன் தட்டச்சு செய்து கொண்டுவந்த தாளை நீட்டினான். அவர் படித்துவிட்டு அவள் பக்கம் திருப்பி வைத்து, முதலில் நீங்கள் படியுங்கள் என்று மலாயில் சொன்னார்.

அவள் படித்தாள். பத்துமலை மகள் நவமணியாகிய நான் மனமறிந்து உண்மையாகச் சொல்வதாவது. பிறையும் மூன்று புள்ளியும் கொண்ட குறி 1931 முதல் எங்கள் குடும்பத்தின் பரம்பரைக் குறியாகும். கோயில் மணியை என் தாத்தா வழங்கினார் என்பதை என் தந்தை என்னிடம் பலமுறை கூறியிருக்கிறார்.

பலமுறை. அப்பா அந்த மணியைப் பற்றி ஒரு முறையும் பேசியதில்லை. திருவிழாவில் எல்லோரும் அதை அடித்துவிட்டு உள்ளே போவார்கள். அப்பா மட்டும் அடிக்கமாட்டார், கையைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் நுழைவார். பக்தி குறைச்சல் என்று அம்மாவிடம் பூசாரி கேலி செய்திருக்கிறார். இத்தனை வருஷம் கழித்து, இந்தத் தாளுக்கு முன்னால் உட்கார்ந்து, அவள் அதைப் பார்த்தாள்.

முத்திரைக்காரர் பேனாவை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

"கீழ லா அக்கா, அந்தக் கோட்டு மேல," என்றான் தம்பி.

அவள் பேனாவை மூடினாள். தாளின் மேல் குறுக்காக வைத்தாள்.

"நான் போடல, தம்பி."

அவன் அந்த அலுவலரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். அப்பாவின் சிரிப்பு. எழுந்து அவளைச் சன்னல் ஓரத்துக்குக் கூட்டிப் போனான். கீழே தெருவில் குடைகள் போய்க்கொண்டிருந்தன.

"பன்னண்டு வருசம் எங்கூட இருக்க," என்றான் மெதுவாக. "ஒண்ணு கேட்டிருப்பேனா? துளசிதான் ஒரு வார்த்த சொல்லியிருப்பாளா?"

"இல்ல."

"என் மவனுக்கு ஒரு பேரு வேணும். அவ்வளவுதான். யாரு சோத்தயும் புடுங்கல. அந்தக் கெழவி கமிட்டிக்கு வரவே போறதில்ல."

அவள் அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று அறுந்து தொங்கியது. வீட்டுக்குப் போனதும் தைத்துக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. இனி அந்த வீட்டில் அதற்கு இடம் இருக்குமா என்றும் தோன்றியது.

"சரி," என்றான் அவன். குரல் இன்னும் இறங்கியது. "கையெழுத்து போடாத. வாளியும் சின்னமும் போதும், மத்தத நான் பாத்துக்கறேன். நீ அன்னக்கி மீட்டிங்குக்கு வராத. யாராச்சும் கேட்டா ஞாபகம் இல்லன்னு சொல்லிடு. வாயத் தொறக்காம இரு, அது போதும் லா அக்கா. அம்மா இருக்கலையா?"

அம்மா இருந்தாள். முப்பது வருஷம்.

நவமணி நாற்காலிக்குத் திரும்பி வந்தாள். வாளிக்குள்ளிருந்த சட்டத்தை இரண்டு கையாலும் எடுத்து, கண்ணாடி உடையாமல் அவன் கையில் கொடுத்தாள். வாளியின் பிடியைப் பிடித்துத் தூக்கினாள். காலியாக இருந்தும் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"இல்ல தம்பி," என்றாள், முத்திரைக்காரருக்குக்கூடக் கேட்காத குரலில். "ஞாயித்துக்கெழம நான் வருவேன்."